அடுப்பு மூடும் நேரம்

"தாயி, எனக்கு ஒறக்கம் போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த இளையம்மா நிமிரவில்லை.

"அடுப்பை எப்படி மூடினீய அண்ணாச்சி?"

"நான் ஒறக்கத்தைச் சொல்லுதேன். நீங்க அடுப்பைக் கேக்கீய."

"ஆமா. எப்படி மூடினீய?"

"எப்படி மூட? ஒரு குடம் தண்ணியை ஊத்தினேன். புஸ்ஸுன்னு அணைஞ்சுது. வந்துட்டேன்."

இளையம்மா பூவைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மடத்துத் தலைவி என்றதும் ஜடாமுடி, கண்ணை மூடிய தவம் என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இளையம்மாவுக்கு வயது நாற்பதுகூட இருக்காது. நூல் சேலை கட்டியிருப்பாள். கை சும்மா இருக்காது, வாய் சும்மாவே இருக்கும். மலைக்கோயிலுக்கு நடந்து போகிற சனம் வழியில் அந்த மடத்தில் சாப்பிட்டு, ஆற்றில் காலை நனைத்து, மனதில் கிடப்பதை அவளிடம் கொட்டிவிட்டுப் போகும். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் பெரிசு.

ஆவுடையப்பன் அந்த மடத்துத் தலைமைச் சமையல்காரர். இளையம்மா பிறக்கும் முன்பே கரண்டி பிடித்தவர். ஆனாலும் அவருக்கு அவள் தாயிதான். வயசு வேறு, அது வேறு.

சமையல்கட்டில் கோட்டை அடுப்பு நீளமாகக் கிடந்தது. மண்ணால் போட்ட அடுப்பு. ஒரே சமயத்தில் நாலைந்து அண்டா ஏற்றலாம்.

இளையம்மா குனிந்து அடுப்பின் ஓரத்தைத் தடவினாள். ஓர் இடத்தில் கை நின்றது. சுண்டுவிரலை அங்கே வைத்து அழுத்தினாள்.

விரல் உள்ளே போனது.

"இது எப்போ விட்ட விரிசல்?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. சுட்டுக்கொண்டிருக்கும் மண்ணில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று, சமையல்கட்டுக்கு நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும்.

"கோவத்துல ஊத்திட்டேன் தாயி."

இளையம்மா விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதான். உபதேசம் முடிந்தது.

*

மறுநாள் சாயங்காலமும் வந்து நின்றார்.

"இன்னும் ஒறக்கம் வரல."

"அடுப்பு?"

"தண்ணி ஊத்தல. நீங்கதான் விரலை விட்டுக் காட்டினீயளே. அப்படியே விட்டுட்டேன்."

"காலையில?"

"முழுக்க எரிஞ்சு கெடந்துது. ஒரு பொட்டு கங்கு இல்ல. பக்கத்துல வச்சிருந்த விறகும் கருகிப் போச்சு. புதுசா மூட்டி, கஞ்சி வைக்க நேரமாயிட்டு. சனமெல்லாம் தூக்குவாளியை வச்சுக்கிட்டு என்னைய முறைச்சுது."

"நீங்க?"

"நானும் அப்படித்தான். விடிய விடிய எரிஞ்சேன்."

இளையம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டாள். "முன்னாடி யாரு மூடுவா?"

ஆவுடையப்பன் ஆற்றைப் பார்த்தார். அந்தப் பேரைச் சொல்லக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். ஆனால் கேட்டது தாயி.

"மாசானம்."

சொல்லிவிட்டு, வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

மாசானம் அவருடைய கூட்டாளி. அண்டாவுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். சோற்றை வடிக்கும்போது ஒருத்தர் மூச்சு இழுத்தால் இன்னொருத்தருக்குத் தெரியும், தூக்க வேண்டும் என்று. எத்தனையோ வருஷம் அப்படி ஓடியது. வடிவு இறந்துபோனபோது அவளைத் தூக்கியதிலும் அவன் ஒரு தோள். வடிவு, ஆவுடையப்பனின் சம்சாரம். போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவர் வீட்டுப் பக்கமே போவதில்லை. மடத்துத் தாழ்வாரத்திலேயே பாயை விரித்துவிட்டார். ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்த மறுநாளே கரண்டியைப் பிடித்துவிட்டார். பெரிய மனத்திடம் என்று ஊர் பேசியது.

அந்த மாசானத்தைத்தான் ஆடி அமாவாசை அன்று, சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் நாயே பேயே என்று ஏசித் துரத்திவிட்டார்.

"உப்பு, தாயி. எல்லாம் இந்தப் பாழாப்போன உப்பு."

மடத்துச் சமையலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைக்கும் முன்னால் ஒரு துளி நாக்கில் படக்கூடாது. மணம் பார்க்கலாம், பதம் பார்க்கலாம், ருசி பார்க்கக்கூடாது. உப்பெல்லாம் கைக்கணக்குத்தான். அதனால் உப்புப் போட்டவர் "உப்பாச்சு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். எதிரில் நிற்பவர் "ஆச்சு!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் அந்த அண்டாவில் உப்புக் கையை வைக்கக்கூடாது.

"நான் போட்டேன். உப்பாச்சுன்னேன். அவனும் ஆச்சுன்னான். ஆனாலும் பிறகு அவன் கை அண்டாவுக்கு மேல போயிட்டு வந்ததை நான் கண்ணால பார்த்தேன். இந்தா, இந்தக் கண்ணால. எதையோ போட்டான். பந்தியில முதல் வாய் வச்சவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஒரு பெரியவர் இலையிலேயே துப்பிட்டார். எத்தனை வருஷத்துப் பேர் தாயி, ஒரு வாய் சாம்பார்ல போச்சு."

"மாசானம் என்ன சொன்னான்?"

"என்னத்தச் சொல்லுவான்? வாயைத் தொறந்தான். மூடிக்கிட்டான். இடுப்புல கட்டியிருந்த துண்டை அவுத்து, மடிச்சு, உப்பு ஜாடி மேல வச்சான். போயிட்டான்."

"துண்டு எங்க?"

ஆவுடையப்பன் சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கதான் கெடக்கு. உப்பு எடுக்கும்போது நகத்தி வைப்பேன். எடுத்துட்டுத் திருப்பியும் மேல வைப்பேன்."

இளையம்மா முதன்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

*

அன்றைக்கு அவளே சமையல்கட்டுக்கு வந்தாள்.

"மாசானம் எப்படி மூடுவான்?"

"சாம்பலை வாரிக் கங்கு மேல மூடுவான். நான் அதைக் கவனிக்கிறதில்ல. கை கழுவிட்டுப் போயிடுவேன்."

இளையம்மா உலர்ந்த சாம்பலை முறத்தில் எடுத்துச் சலித்தாள். அடுப்பு முன்னால் இருந்த பலகையில் கொட்டி, உள்ளங்கையால் நிரவினாள். திருநீறு போல வழவழவென்று பரவியது.

"எழுதுங்க."

"என்னது?"

"விரலாலதான். இன்னைக்கு நடந்ததை எழுதுங்க."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயசில் மணலில் எழுதிப் பழகும் பிள்ளை மாதிரி சாம்பலில் எழுதுவதா? ஆனால் தாயி நின்றுகொண்டிருந்தாள். குத்தவைத்து உட்கார்ந்து எழுதினார்.

'மாசானம் இடத்துக்கு வந்த புது ஆள் சோம்பேறி. பால்காரன் தண்ணி கலந்தான். விறகு ஈரம். மாசானம் துரோகி.'

எழுதி முடித்துப் பெருமையாகப் பார்த்தார்.

இளையம்மா உள்ளங்கையால் அத்தனையையும் அழித்தாள். ஒரு வார்த்தை மிச்சமில்லை.

"இன்னைக்கு உங்க கை என்ன செஞ்சுது? அதை மட்டும் எழுதுங்க."

"என் கையா?"

"ஆமா. காலையில இருந்து."

ஆவுடையப்பன் விரலை வைத்தார். வைத்த விரல் நகரவில்லை. பால்காரன் கை என்ன செய்தது என்று கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுவார். தன் கை செய்ததை யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக எழுதினார்.

'அரிசி களைந்தேன். பூசணிக்காய் வெட்டினேன். பருப்பு வேக வைத்தேன்.'

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதான்."

"சரி. மூடுங்க."

பலகையைச் சரித்தாள். எழுதிய சாம்பல் சரசரவென்று கங்கின் மேல் இறங்கியது. செக்கச்செவேல் என்று கிடந்த கங்கு மறைந்து, மெல்லிய சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

அன்றைக்கு அவருக்கு உறக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். வரவில்லை. ஆனால் காலையில் சாம்பலைக் கிளறியபோது உள்ளே கங்கு கண் முழித்துப் பார்த்தது. ஊதியதும் பிடித்துக்கொண்டது. மேலே இருந்த சாம்பலை வாரி, புளியோடு சேர்த்துப் பித்தளை அண்டாவைத் தேய்த்தார்கள். அண்டா பளிச்சென்று ஆனது.

ஆவுடையப்பன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

கடைசிப் பந்தி முடியும். பாத்திரம் கழுவி ஆகும். மற்றவர்கள் ஆற்றுப் பக்கம் போவார்கள். ஆவுடையப்பன் காலைக் கழுவிக்கொண்டு வருவார். கரண்டிகளைத் துடைத்து, பெரிசிலிருந்து சின்னது வரைக்கும் வரிசையாக மாட்டுவார். அடுப்பைச் சாணம் கரைத்து மெழுகுவார். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் கை மெதுவாகப் போகும். சாம்பலைச் சலித்துப் பலகையில் நிரவுவார்.

பிறகு எழுதுவார்.

'கீரை ஆய்ந்தேன். புழு இருந்தது. எடுத்து வெளியே விட்டேன்.'

'ஒரு பிள்ளை இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டது. இல்லை என்று சொன்னேன். இருந்தது.'

'புது ஆளை ஏசினேன். அவனுக்குக் காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.'

எழுதுவார், படிப்பார், பலகையைச் சரிப்பார். அவ்வளவுதான். யாரும் பார்க்கப் போவதில்லை, காலையில் அண்டா தேய்க்கப் போய்விடும் என்பதால் பொய் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆரம்பத்தில் மூன்று வரிதான் வந்தது. போகப் போகப் பலகை பத்தவில்லை. பகலில் யாராவது எரிச்சல் மூட்டினால்கூட, சாயங்காலம் பலகை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மனசு கொஞ்சம் தணியும்.

உறக்கமும் வரத் தொடங்கியது. முழுதாக அல்ல. திருட்டுப் பூனை மாதிரி வரும், சத்தம் கேட்டால் ஓடிவிடும். ஆனாலும் வந்தது.

ஒன்று மட்டும் மாறவில்லை. மாசானத்தின் பேரை அவர் எழுதவே இல்லை. துண்டும் உப்பு ஜாடியின் மேலேயே கிடந்தது.

*

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அக்கரையிலிருந்து பூ கொண்டுவருகிற பெண் போகிறபோக்கில் சொன்னாள்.

"மாசானம் மாமா நாளைக்குத் திருப்பூருக்குப் போறாங்களாம். மகன் கூப்பிட்டுட்டானாம். இனிமே அங்கதானாம்."

"போகட்டும்!" என்றார் ஆவுடையப்பன். "சனியன் விட்டுது."

சொல்லிவிட்டு வெந்த பருப்பைக் கடையப் போனார். மத்து சுற்றிக்கொண்டே இருந்தது. பருப்பு குழைந்து, கூழாகி, தண்ணீராகியும் அவர் நிறுத்தவில்லை. புது ஆள் பயந்துபோய் மத்தைப் பிடித்து நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் பலகையில் சாம்பலை நிரவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இளையம்மா வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். கையில் பூவும் நாரும்.

"எழுதலையா?"

"இன்னைக்கு என் கை ஒண்ணும் செய்யல."

"அப்போ பழைய நாள் ஏதாச்சும் மூடாமக் கெடந்தா எழுதுங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. என்ன சொல்கிறாள் என்று புரியாமல் இல்லை.

"எழுதுதேன்" என்றார் வீம்பாக. "எழுதிக் காட்டுதேன். யாரு தப்புன்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

"என் கைக்கு வேலை இருக்கு. நீங்களே படிங்க."

ஆடி அமாவாசையை எழுத ஆரம்பித்தார். பழக்கம் வந்துவிட்டிருந்ததால் விரல் தானாக ஓடியது.

'பருப்பு வெந்தது. காய் போட்டேன். புளி கரைத்து ஊற்றினேன். உப்பு போட்டேன். உப்பாச்சு என்றேன். மாசானம் ஆச்சு என்றான்.'

"பாத்தீயளா? ஆச்சுன்னான்!"

இளையம்மா பூத்தொடுத்தாள்.

'கிணற்றடியில் ஒரு பெண் சிரித்தாள்.'

இதை எழுதிவிட்டு அவரே திகைத்தார். இது எங்கேயிருந்து வந்தது? கை செய்ததைத்தானே எழுத வேண்டும்? அழிக்கப் போனார். அழிக்க முடியவில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் யாரோ யாத்திரைக்கு வந்த ஒரு பெண் வாளியைத் தவறவிட்டுவிட்டுச் சிரித்தாள். முதலில் ஒரு சின்ன விக்கல், பிறகு கலகலவென்று. இத்தனை நாளாக அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகமே வரவில்லை.

'வடிவு சிரிப்பு மாதிரியே இருந்தது.'

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

'நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.'

'கொதி வந்தது.'

'உப்பு போட்டேன்.'

விரல் நின்றுவிட்டது.

மேலே பார்த்தார். 'உப்பு போட்டேன்.' கீழே பார்த்தார். 'உப்பு போட்டேன்.' இரண்டும் அவர் கையெழுத்து.

வலது கையை விரித்துப் பார்த்தார். கல்லுப்பின் ஈரம் அந்தக் கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருமுறை அல்ல, இரண்டுமுறை.

"தாயி."

"ம்."

"அண்டாவுக்கு மேல அவன் கையைப் பார்த்தேனே. அது சத்தியம். அப்போ அவன் கை என்ன செஞ்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? அது என் கை இல்லையே."

ஆவுடையப்பன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை சனத்துக்கும் முன்னால் அவனை ஏசிய வார்த்தை ஒவ்வொன்றும் திரும்ப வந்து காதில் விழுந்தது.

"இதையும் மூடணுமா?"

"கங்கு அணையறதுக்குள்ள மூடுங்க அண்ணாச்சி. காலையில வேணும்லா."

*

விடிந்ததும் உப்பு ஜாடி மேலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே இளையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

"தாயி, காலைக் கஞ்சி..."

"நான் கிண்டுதேன். உப்பு மட்டும் நீங்க வந்து போடுங்க."

ஆவுடையப்பன் ஓடினார். அந்த உடம்பும் அந்தத் தொப்பையும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எதிரே வந்த மாடு ஒதுங்கியது. பாலம் சுற்று வழி. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். வேட்டி நனைந்தது தெரியாமல் அக்கரை ஏறினார்.

பேருந்து நிற்கிற இடத்தில், டீக்கடைக்கு எதிரே, பாலத்துக் கட்டையில் மாசானம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு பை. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இத்தனைக்குப் பிறகும் எழுந்து நின்றான்.

"கெளம்பிட்டியால?"

"ஆமா அண்ணாச்சி."

"துண்டை விட்டுட்டு வந்துட்ட."

"தெரியும்."

டீக்கடையில் யாரோ பாய்லரைத் திறந்தார்கள். ஆவி போகிற சத்தம் கேட்டது.

"மாசானம்."

"சொல்லுங்க."

"ரெண்டு வாட்டி போட்டது நான்."

"அதுவும் தெரியும்."

ஆவுடையப்பன் அவனையே பார்த்தார்.

"தெரியுமா? பின்ன உன் கை அண்டாகிட்ட எதுக்கு வந்துது?"

"நான் திரும்பிப் பார்க்கும்போது ரெண்டாவது கை உப்பு விழுந்தாச்சு. என்ன செய்ய? அரிசி மாவை ரெண்டு உருண்டை பிடிச்சு உள்ள போட்டேன். உப்பை இழுக்கும்னு சொல்லுவாகல்லா. எங்க இழுத்துது? உங்க கை பெரிய கை."

"ஏம்ல சொல்லல? அம்புட்டுப் பேர் முன்னால உன்னைய அப்படி ஏசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, எதுக்கு அப்படி மறந்து நின்னீயன்னும் சொல்லணும்லா."

"நான் எதுக்கு நின்னேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மாசானம் அவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான்.

"எனக்கும் கேட்டுது அண்ணாச்சி. மதினி சிரிச்ச மாதிரியே இருந்துது."

ஆவுடையப்பன் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

வடிவைத் தூக்கிக்கொண்டு போனபோது அழவில்லை. கொள்ளி வைத்தபோது அழவில்லை. இப்போது டீக்கடைச் சனமெல்லாம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். வடிவு, வடிவு என்று பேர் சொல்லி அழுதார். மாசானம் யாரையும் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த துண்டை வாங்கி உதறினான். அண்டா துடைக்கிற மாதிரி அழுத்தி, அவர் முகத்தைத் துடைத்துவிட்டான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவனும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பேருந்து வந்து நின்றது.

"ஏறுதீயளா இல்லையா?" என்று கேட்டார் கண்டக்டர்.

மாசானம் பெட்டியைப் பார்த்தான். ஆவுடையப்பனைப் பார்த்தான்.

"அடுப்புல விரிசல் விட்டுட்டாமே. பச்சைத் தண்ணியை ஊத்தினீயளாமே?"

"யாரு சொன்னா?"

"பூக்காரி ஊர் பூராவும் சொல்லிட்டா."

"ஊத்தினேன்" என்றார் ஆவுடையப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உங்களுக்கு மண்ணு குழைக்கவும் தெரியாது, பூசவும் தெரியாது." மாசானம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "நீங்க போங்க கண்டக்டரே. அடுப்பு காஞ்ச பிறகு பாத்துக்கிடுவோம்."

*

அன்று சாயங்காலம் அடுப்பு மூடும் நேரத்தில் சமையல்கட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். விரிசலில் புது மண் ஈரமாக இருந்தது. கரண்டிகள் வரிசையாகத் தொங்கின.

ஆவுடையப்பன் சாம்பலைச் சலித்துப் பலகையில் நிரவி எழுதினார். மாசானம் பக்கத்தில் குத்தவைத்து, தலையைச் சாய்த்துப் படித்தான்.

'கஞ்சிக்கு உப்பு போட்டேன். செம்மண் சுமந்தேன். ரசம் வைத்தேன்.'

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"காலையில அழுதீயளே, அதை எழுதலையா?"

"அது கண்ணு செஞ்சது. இதுல கை செஞ்சதை மட்டுந்தான் எழுதணும். தாயி உத்தரவு."

"கண்ணைத் துடைச்சது கைதானே?"

ஆவுடையப்பன் பலகையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"துடைச்சது உன் கைல்லா."

மாசானம் இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சாம்பலில் விரலை வைத்தான்.